900 ரூபா வயரா, 8,500 ரூபா வயரா?

கேள்வி இதுதான்: "புதிதாக 4கே டிவி எடுத்திருக்கிறோம். டிஷ் பொக்ஸில் இருந்து டிவிக்குப் போட எச்.டி.எம்.ஐ வயர் கேட்டால், கடையில் தங்க முலாம் பூசினது 8,500, சாதாரணமானது 900 என்கிறார்கள். விலை கூடினதைப் போட்டால் படம் உண்மையிலேயே தெளிவாக இருக்குமா? நாங்கள் இருப்பது திருகோணமலையில்."

900 ரூபா வயரை வாங்குங்கள். பொக்ஸுக்கும் டிவிக்கும் இடையில் இரண்டு மீற்றருக்குள்தான் தூரம் என்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நானும் திருகோணமலைதான். டியூட்டரி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன், அங்கே புரொஜெக்டர், மைக், வயர் எல்லாம் என் பொறுப்பு. சொந்தக்காரர் வீடுகளில் டிவி வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் மூன்று வருடத்துக்கு முன்னர் திருக்கடலூரில் என் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பின காசில் 43 அங்குல டிவி எடுத்திருந்தா. டிவியோடு பெருவிரல் தடிப்பில், நைலோன் பின்னல் போட்ட ஒரு வயரும் கிடந்தது. விலைத்துண்டில் 8,500.

"அந்தக் கடைப் பெடியன் சொன்னான், மகன், இது இல்லாட்டி படம் மங்கலாத்தான் தெரியுமாம்" என்றா.

என் பையில் ஒரு சாதாரண வயர் இருந்தது. முதலில் அவ வாங்கினதைப் போட்டுக் காட்டினேன், பிறகு என்னுடையதைப் போட்டேன். அதே அலைவரிசை, அதே நிகழ்ச்சி. திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வடிவாகப் பார்த்தா. "ரெண்டும் ஒண்டுதானே" என்றா. பிறகு அந்த 8,500 ரூபா வயரைக் கையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பெட்டி கிழிந்ததால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பிரஷர் குளிசைக்கு மாதாமாதம் காசு எண்ணி வைக்கிற மனுசி அவ. எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை, இந்தப் பதிலை எழுதுவதும் அதனால்தான்.

ஏன் வித்தியாசம் தெரியவில்லை? வீடியோ டெக் காலத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை நினைத்துப் பாருங்கள். அதில் ஓடியது அனலொக், அதாவது தொடர்ச்சியாகக் கூடிக் குறைகிற மின் அலை. வயர் மோசமென்றால் படமும் அதே அளவுக்கு மோசமாகும்: நிறம் வெளிறும், கோடு ஓடும். நல்ல வயருக்குக் காசு கொடுப்பதில் அப்போது அர்த்தம் இருந்தது. 2002 இல் வந்த எச்.டி.எம்.ஐ அப்படி இல்லை. அதில் போவது பூச்சியமும் ஒன்றும்தான். மறுமுனையில் அது பூச்சியமா ஒன்றா என்று டிவிக்குப் பிரித்தறிய முடிந்தால் படம் முழுதாக வரும். முடியாவிட்டால் கறுப்பு இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும், திரை ஒரு செக்கன் இருண்டு திரும்பி வரும், அல்லது "சிக்னல் இல்லை" என்று நிற்கும். "வயரால் நிறம் கொஞ்சம் குறைவு", "முகம் கொஞ்சம் மங்கல்" என்கிற வகைக் குறை இதில் வரவே வராது. அப்படி ஏதும் தெரிந்தால் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள், அல்லது பொக்ஸ் 1080இல் அனுப்பாமல் 576இல் அனுப்புகிறதா என்று பாருங்கள் (இவை படத்தில் இருக்கிற கோடுகளின் எண்ணிக்கை, கூடினால் தெளிவும் கூடும்). சின்னம்மா வீட்டில் பொக்ஸ் அப்படித்தான் 576இல் கிடந்தது. 1080க்கு மாற்றி, டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்துவிட்டேன். படம் தெளிந்தது, செலவு ஒரு சதமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யூடியூப்பை டிவிக்குள் இருக்கிற ஆப்பிலேயே பார்க்கிறீர்கள் என்றால் அந்தப் படம் எச்.டி.எம்.ஐ வயர் வழியாக வருவதே இல்லை. நேரே இணையத்தில் இருந்து டிவிக்குள் போகிறது.

அப்படியென்றால் எல்லா வயரும் ஒன்றா? இல்லை. வயரில் ஓடவேண்டிய தரவின் அளவும் வயரின் நீளமும்தான் விஷயம். 1080 படம் செக்கனுக்கு 60 சட்டகம் (தனிப்படம்) என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் தரவு. 4கே 60 சட்டகம் என்றால் 18 கிகாபிட்டைத் தொடும். விளையாட்டுக் கொன்சோலில் 4கே 120 சட்டகம் கேட்டால் அதற்கும் மேல். இதற்கு ஏற்பப் பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் மாறும்: டிஷ் பொக்ஸுக்கு "ஹை ஸ்பீட்" போதும், 4கே 60க்கு "பிரீமியம் ஹை ஸ்பீட்", புதிய கொன்சோலுக்கு 48 கிகாபிட் வரை தாங்கும் "அல்ட்ரா ஹை ஸ்பீட்". கடைசி இரண்டுக்கும் பெட்டியில் சோதனை முத்திரை ஒட்டியிருக்க வேண்டும், கைபேசியில் ஸ்கான் பண்ணிப் பார்க்கலாம். "2.1 வயர்", "8கே வயர்" என்று பெரிய எழுத்தில் போட்டு முத்திரை இல்லாமல் விற்பதை நம்பவேண்டாம். 2.0, 2.1 என்கிற எண்கள் கருவிகளுக்கு உரியவை. வயரில் அந்த எண்ணை அச்சடிக்க எச்.டி.எம்.ஐ விதிகளே இடம் கொடுப்பதில்லை.

நீளம் எவ்வளவு படுத்தும் என்பதை டியூட்டரியில்தான் கண்டேன். மேசையில் லப்டொப், கூரையில் புரொஜெக்டர், நடுவில் சுவரோரமாக 15 மீற்றர் வயர். மலிவில் எடுத்ததுதான். சைன் வளையியைத் திரையில் போட்டு விளக்கிக்கொண்டு இருக்கும்போது திரை இருளும், பிள்ளைகள் "சேர்!" என்று கத்துவார்கள், பேனையைக் கீழே வைப்பதற்குள் படம் திரும்பி வரும். கறுப்புப் பின்னணி போட்டால் மழைத்தூறல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். லப்டொப்பை 1080இல் இருந்து 720க்கு இறக்கினேன், உடனே அடங்கிவிட்டது. அதிலேயே விளங்கிவிட்டது, தரவின் அளவைக் குறைத்தால் தாங்குகிறது, புரொஜெக்டரில் பிழை இல்லை. மெல்லிய செம்பில் தூரம் கூடக் கூட அதிவேக அலைகள் தேய்ந்துபோகின்றன, அதுதான் காரணம். பிறகு ஏ.டபிள்யூ.ஜி 24 என்று எழுதியிருந்த தடித்த வயர் எடுத்தோம். அந்த எண் குறையக் குறைய உள்ளே செம்பு தடிப்பு என்று அர்த்தம், 30 என்றால் மிக மெல்லியது. நாலு மடங்கு காசு கொடுத்தோம், கொடுத்தது சரி. இவ்வளவு தூரத்துக்கு 4கே வேண்டுமென்றால் ஒளிநார் வயர்தான் தோது. ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனை கருவிக்கு, மறுமுனை திரைக்கு என்று பிளக்கிலேயே எழுதியிருக்கும். குழாய்க்குள் இழுத்துச் சுவரைப் பூசுவதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

தங்க முலாம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். படத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பொன் கறள் பிடிக்காது, அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு அது சும்மா தள்ளிவிடக்கூடிய விஷயமும் இல்லை. கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பி, ஃபேன் ஆணி எல்லாம் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும். கடற்கரைப் பக்க வீடொன்றில் "சிக்னல் இல்லை" என்று கூப்பிட்டார்கள். பிளக்கை இழுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெளி உலோகத்தில் மண்ணிறப் புள்ளிகள், வாய் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது, விரலில் தேய்த்தால் உப்புப்பொடி மாதிரி ஒட்டியது. 19 முனைகள் அந்தச் சின்ன வாய்க்குள் இருக்கின்றன. பொக்ஸும் டிவியும் ஒன்றையொன்று அடையாளம் காணும் முனை ஒன்று தொடாவிட்டாலே படம் வராது. புது 900 ரூபா வயர் போட்டதும் வந்துவிட்டது. கடலோரத்தில் இருந்தால் பொன்முலாம் பூசின, ஆனால் விலை நியாயமான வயர் ஒன்றை எடுங்கள், 1,500க்குள்ளேயே கிடைக்கிறது. 8,500 கொடுத்தாலும் பொன் அதே மெல்லிய பூச்சுத்தான்.

மிச்சக் காசை இடிக்கு வையுங்கள். ஏப்ரலில் பின்னேர இடி, பிறகு ஒக்டோபர், நவம்பரில். டிஷ்ஷின் வட்ட வயர் வழியாக வருகிற அதிர்ச்சி பொக்ஸுக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ வழியாக டிவியின் போர்ட்டை (வயர் செருகும் வாயை) சுட்டுவிடும். உவர்மலையில் ஒரே மழையில் இரண்டு வீட்டு டிவிகளின் போர்ட் இப்படிப் போனதை நானே கழற்றிப் பார்த்தேன். மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டிருந்தார்கள். டிஷ்ஷின் இரும்புத் தாங்கிக்கு எர்த் போட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நல்ல சேர்ஜ் புரொட்டெக்டர் (திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். வானம் இருளத் தொடங்கியதும், இடி கிட்ட வருவதற்கு முன்னரே, பிளக், டிஷ் வயர், எச்.டி.எம்.ஐ மூன்றையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அந்த வயர்களைத் தொடவேண்டாம்.