வயதான குதிரையின் குளம்பு நோய்: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் என் பதில்களும்

லாடம் அடிப்பதும் குளம்பு செதுக்குவதும் என் தொழில். லேமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது கால்நடை மருத்துவரின் வேலை.

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் மட்டக்குதிரைக்கு 19 வயது. மூன்று நாளாக முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, பின்னங்காலை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்து நிற்கிறது. வாதம் என்கிறார்கள். நடக்க விட்டால் கால் இளகுமா?

நடக்க விடாதீர்கள் தம்பி. இது வாதம் மாதிரித் தெரியவில்லை. குளம்பின் உட்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையும் அவற்றில்தான் தொங்குகிறது. நோயில் அந்தப் பிடி தளர்ந்தால் எலும்பின் நுனி கீழே சாயும், சில சமயம் எலும்பே இறங்கிவிடும். அந்த நிலையில் வைக்கிற ஒவ்வொரு அடியும் மீதி இருக்கும் பிடியைக் கிழிக்கிறது.

குளம்புக்கு மேலே இருக்கும் கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பாருங்கள். நல்ல காலில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த நோயில் விரலைத் தள்ளிக்கொண்டு அடிக்கும். இன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை கொட்டிலில் ஒரு முழத்துக்கு மணல் கொட்டி அதில் நிறுத்துங்கள், படுத்தால் படுக்கட்டும். தீனியை மணல்மேல் போடாமல் தொட்டியில் போடுங்கள். மணல் வயிற்றுக்குள் போனால் குடல் வலி வரும்.

என் 17 வயதுப் பெட்டைக்கு இது வந்தபோது, ஒரு பெரியவர் சொன்னாரென்று வட்டக்கோட்டைச் சாலையில் ஒரு மணி நேரம் நடத்தினேன். மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை. நடத்தியது நான்தான். அதனால்தான் இதை எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

கொட்டாரத்திலிருந்து: ஐஸ் வைக்கலாமா?

வைக்கலாம். தீனி மூட்டையை அவிழ்த்து அளவுக்கு மீறித் தின்றுவிட்ட குதிரைக்குக் கால் நோகும் முன்பே வைத்தால் மிகவும் நல்லது. உங்கள் ஊருக்குச் சின்னமுட்டம் துறைமுகம் பக்கம்தானே, மீனுக்கு உடைக்கிற ஐஸ் அங்கே கிடைக்கும். முட்டிக்குக் கீழ்வரை முங்குகிற மாதிரி இரண்டு, மூன்று நாள் விடாமல் வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டு எடுத்தால் பலனில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து: போன வருடம் வந்து சரியானது. இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. தீனியில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. வயது 21. முடி மட்டும் கரடிபோல வளர்ந்திருக்கிறது.

அந்த முடிதான் முக்கியமான தகவல் அம்மா. நம் வெயிலில் குதிரைக்கு நீள ரோமம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 15 வயதைத் தாண்டியவற்றுக்கு மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி கெடுவது உண்டு. குஷிங் நோய் என்பார்கள். முதுகுத் தசை வற்றும், வயிறு தொங்கும், தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழிக்கும், குளம்புக்குள் அடிக்கடி சீழ் கட்டும். இவற்றில் பல குதிரைகளுக்கு இரத்தத்தில் இன்சுலினும் ஏறியிருக்கும். அந்த இன்சுலினே குளம்பு மடிப்புகளைக் கெடுக்கிறது.

ஆகவே காலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அடுத்த வருடமும் இதே கேள்வியை அனுப்புவீர்கள். ஏ.சி.டி.எச். (பிட்யூட்டரி சுரக்கிற ஹார்மோன்), இன்சுலின் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டுமென்று மருத்துவரிடம் கேளுங்கள். குஷிங் என்று தெரிந்தால் பெர்கோலைடு என்ற மாத்திரையை ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் இந்த நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த ஊசி குளம்பு அழற்சியைக் கிளப்பிவிடலாம்.

தோவாளையிலிருந்து: டாக்டர் கொள்ளுத் தீனியை நிறுத்தச் சொல்கிறார். எங்கள் தாத்தா வண்டிக்குதிரைக்குக் கொள்ளு வேகவைத்துத்தான் கொடுத்தார். கொள்ளு இல்லாமல் குதிரையா?

தாத்தாவின் குதிரை நாள் முழுக்க வண்டி இழுத்தது. உங்களுடையது தென்னை நிழலில் நிற்கிறது. உழைக்கிற ஆரோக்கியமான குதிரைக்குக் கொள்ளு நல்ல தீனிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மாவுச்சத்து இருக்கிறது, குளம்பு நோய் வந்ததற்கு அது ஆகாது.

பூதப்பாண்டியிலிருந்து: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொள்ளு சூடு, அதனால்தான் குளம்பு சுடுகிறது. அரிசிக் கஞ்சியும் அக்கானியும் (பதநீர்) கொடுத்தால் குளிர்ந்துவிடும்.

தயவுசெய்து கொடுக்காதீர்கள்! குளம்பு சுடுவது உள்ளே இருக்கும் அழற்சியால், தீனியின் சூட்டால் அல்ல. கஞ்சி முழுக்க மாவு. அக்கானியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. கொள்ளைவிட இவை இரண்டும் மோசம்.

தோவாளையிலிருந்து மறுபடியும்: அவர் சொல்வதும் தப்பு, நான் சொல்வதும் தப்பு என்றால் பட்டினி போடவா?

பட்டினி கூடவே கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலக்கும், உயிருக்கே ஆபத்து. காய்ந்த புல்லை எடை போட்டுக் கொடுங்கள். 200 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 3 கிலோ. அதை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும். அதற்கு மேல் ஊறினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் புளித்துவிடும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), அதன் தோல், சக்கைப்பழம் (பலாப்பழம்), கருப்பட்டி, எதுவும் வேண்டாம்.

பூதப்பாண்டியிலிருந்து: ஒரே ஒரு மட்டி வாழைப்பழம்?

வேண்டாம். கழுத்தைத் தடவிக் கொடுங்கள், அதுவும் அதற்குப் பிடிக்கும். கொள்ளுப் பேச்சை இத்துடன் விடுவோம்.

குளச்சலிலிருந்து: கடற்கரை ஈரமணலில் மெதுவாக நடத்தலாமா?

நடத்த வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்.

இரணியலிலிருந்து: வைக்கோல் மட்டும் போடலாமா?

வயதான குதிரைக்குப் பல் தேய்ந்திருக்கும். சரியாக மெல்லாத வைக்கோல் குடலில் அடைத்துக்கொள்ளும். முதலில் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மருந்துக் கடையில் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசி வாங்கிப் போடலாமா?

கூடாது. கால்நடைக்கு அது 2006 முதல் தடை. அந்த மருந்து ஏறி இறந்த விலங்குகளைத் தின்ற கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வேறு வலி மருந்துகள் உண்டு, மருத்துவர் தருவார். வலி குறைந்ததும் குதிரை நடக்கப் பார்க்கும். அப்போதும் நடக்க விடாதீர்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: லாடம் கழற்றணுமா? குளம்பு செருப்புபோல முன்னால் வளைந்து கிடக்கிறது.

இது என் வேலை, விரிவாகவே சொல்கிறேன். நுனி நீளமாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் அது நெம்புகோல்போலச் சுவரை எலும்பிலிருந்து பிரிக்கும். நுனியைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும், குதிகாலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டு எக்ஸ்-ரே பார்க்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை. எலும்பு எங்கே இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது, அடிப்பக்கம் காகிதம்போல மெலிந்திருக்கலாம். ஒரே நாளில் அழகாக்கித் தருகிறேன் என்பவரை விடாதீர்கள். கடும் வலி இருக்கும்போது ஆணி அடிக்கவும் கூடாது. தடித்த நுரைப்பலகையைக் குளம்பின் அளவுக்கு வெட்டி நாடாவால் கட்டினால் போதும். எக்ஸ்-ரேவுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், வண்டியில் ஏற்றலாமா என்று முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் குளம்பு மேலிருந்து கீழே இறங்க ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

திருவட்டாறிலிருந்து: மாட்டுக்கும் இது வருமா?

வரும். ஆனால் மாடு என் துறையில்லை, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அகஸ்தீஸ்வரத்திலிருந்து: 26 வயது. அடிக்குளம்பைத் துளைத்து எலும்பு தெரிகிறது. பத்து நாளாகப் படுத்தே கிடக்கிறது, தின்னவும் இல்லை. மகள் விட மறுக்கிறாள். என்ன செய்ய?

மகளோடு பக்கத்தில் உட்காருங்கள். இந்த வயதில், எலும்பு வெளியே வந்து, தீனியும் நின்ற பிறகு தேறி வந்ததை நான் பார்த்ததில்லை. வலி மருந்தும் இனி அதிகம் உதவாது. மருத்துவரை வரச் சொல்லி, வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசி பற்றிக் கேளுங்கள். என் பெட்டைக்கும் அதைத்தான் செய்தேன். தலையை மடியில் வைத்திருந்தேன். உங்கள் மகளுக்கு விருப்பமானால் அவளும் பக்கத்தில் இருக்கட்டும்.