எடுத்து வைத்ததும் மீந்துபோனதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ‘சமைத்ததைக் கொட்டுவதைப் போல ஊதாரித்தனம் வேறில்லை’ என்று சென்ற வாரக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். எழுதுவது சுலபம். எங்கள் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். கணவர் முந்தைய நாள் சமைத்த எதையும் தொடமாட்டார். மாமியார் நேர் எதிர். ஒரு கரண்டிக் குழம்பைக்கூடக் கொட்டவிடமாட்டார். சுடவைத்துச் சுடவைத்தே நாலு நாள் ஓட்டிவிடுவார். நடுவில் நான். மீந்ததைக் காலையில் சூடுபண்ணி, டப்பாவில் அடைத்து அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறேன். ஒரு மணிக்குத் திறந்தால் சோறு விறைத்திருக்கிறது, கறியில் ஒரு பழைய வாடை. ‘இன்றைக்கும் நேற்றையதா?’ என்று பக்கத்து மேசையில் சிரிக்கிறார்கள். போன மாதம் இரண்டு தடவை வயிற்றைப் புரட்டிவிட்டது. மிச்சத்தைச் சாப்பிடுவது சிக்கனமா, தரித்திரமா, இல்லை முட்டாள்தனமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கணவர், மாமியார் இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் வயிற்றைப் புரட்டியதற்கு அவர்கள் இருவரையும்விட, நீங்கள் காலையில் டப்பா கட்டும் விதத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். சமைத்ததை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. நீங்கள் ஏழரைக்குச் சூடுபண்ணி மூடியை இறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்குச் சூடாகத் தெரியும் சோறு 50 டிகிரி இருந்தாலே பெரிது. மூடிய டப்பாவுக்குள் அது மெல்ல மெல்ல இறங்கி, ஒரு மணிவரை கிருமிக்குப் பிடித்த இளஞ்சூட்டிலேயே கிடக்கிறது. ஐந்தரை மணி நேரம்! ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஜில்லென்று கொண்டுபோயிருந்தால்கூட இதைவிடத் தேவலாம்.

சோற்றில் கவனிக்கவேண்டிய கிருமி பாசில்லஸ் சீரியஸ். அரிசியோடேயே வருவது. அதன் உறங்கும் வித்துகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பானதும் விழித்துக்கொண்டு பெருகும். பெருகும்போது வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ஆகவே மதியம் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடுபண்ணினாலும் கிருமி சாகும், நஞ்சு இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் என்றால் இதன்மேல் சந்தேகப்படலாம். இறைச்சிக் குழம்பு சாப்பிட்டு ஆறிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும் என்றால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்கிற வேறொன்று. 43-லிருந்து 47 டிகிரிக்குள் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. பெரிய பாத்திரத்தில் குழம்பை மூடி, இரவு முழுக்க அடுப்படியில் ஆறவிடுவது அதற்கு விருந்து வைப்பதுதான். உங்களுக்குப் புரட்டியது சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து என்று யோசித்துப் பாருங்கள். மறுபடி நேர்ந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

‘தினமும் கொதிக்கவிட்டால் கெடாது’ என்கிற மாமியாரின் கணக்கு தவறுவதும் இங்கேதான். கொதி, உயிரோடு இருக்கும் கிருமியைக் கொல்லும். வித்தையும் நஞ்சையும் விட்டுவிடும். ஒவ்வொரு தடவை ஆறும்போதும் வித்துக்கு இன்னொரு வாய்ப்பு. கணவர் மூக்கை நம்பித்தான் பழசை ஒதுக்குகிறார் என்றால் அவரும் ஒன்றில் தவறுகிறார். கெட்டதையெல்லாம் மூக்கு சொல்லிவிடாது. புளிப்பு வாடையும் கொழகொழப்பும் தருகிற கிருமிகள் வேறு, நோய் தருகிறவை வேறு. பின்னவை எந்த வாடையும் இல்லாமல் இருந்துகொண்டே வேலையைக் காட்டும். முந்தியவை வந்துவிட்டால் கொட்டவேண்டியதுதான். ஆனால் வாடை இல்லை என்பது நற்சான்று ஆகாது.

சரி, டப்பாவை எப்படிக் கட்டுவது? இரண்டே வழி. ஜில்லென்று போகவேண்டும், இல்லாவிட்டால் கொதிக்கக் கொதிக்கப் போகவேண்டும். வெதுவெதுப்பு வேண்டவே வேண்டாம்.

ஜில்லென்று கொண்டுபோவதானால் மதிய டப்பாவை முந்தின இரவே நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வெளியே எடுத்து, ஃப்ரீசரில் உறைந்த ஜெல் பை ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்து, வெளிச்சூடு புகாத பையில் போடுங்கள். ஜெல் பை இல்லையா, தண்ணீர் பாட்டிலை முக்கால் பங்கு நிரப்பி உறையவைத்தாலும் போதும். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வையுங்கள். மதியம் சூடுபண்ணும்போது எவர்சில்வர் டப்பாவிலிருந்து பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சோற்றை நடுவில் குவிக்காமல் ஓரமாக வளையம் போலப் பரப்பவேண்டும்; மைக்ரோவேவ் நடுப்பகுதியைத்தான் கடைசியாகச் சூடாக்கும். ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, தளர்வாக மூடி இரண்டு நிமிடம், நன்றாகக் கிளறி இன்னொரு நிமிடம், வெளியே எடுத்து மூடியபடியே ஒரு நிமிடம். உள்ளே 74 டிகிரி எட்டவேண்டும். ஓரம் நாக்கைச் சுட்டு, நடு ஜில்லென்று இருந்தால் கிளறவில்லை என்று பொருள்.

கொதிக்கக் கொதிக்க என்றால் வாய் அகன்ற வெற்றிட ஃபிளாஸ்க் வேண்டும். சாதாரண அடுக்கு டப்பா இந்த வேலைக்கு ஆகாது. ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நீரைக் கொட்டிய கையோடு விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் மீதிக் காற்று சூட்டைத் தின்றுவிடும். குழம்பு, சூப் போன்ற நீர்ப்பதமானவை இதற்குப் பொருந்தும். உதிரியான சோற்றில் இடையிடையே காற்று இருப்பதால் சூடு அவ்வளவு நிற்காது. உங்கள் ஃபிளாஸ்க்கை ஒரு நாள் சோதித்துவிடுங்கள். காலையில் வெறும் கொதிநீரை நிரப்பி மூடி, சாப்பிடும் நேரத்துக்குச் சமையல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். வெறும் தண்ணீரே 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதில் குழம்பு கொண்டுபோக வேண்டாம்.

டப்பாவைவிட முக்கியம் முந்தின இரவு. ‘ஆறினபிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்கணும்’ என்ற பேச்சை நம்பிப் பல வீடுகளில் பதினொரு மணிவரை பாத்திரம் மேடையிலேயே இருக்கும். பெரிய பாத்திரத்தோடு கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும் என்பது உண்மை. தீர்வு, பாத்திரத்தை மாற்றுவது. தட்டையான டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கெட்டியான சாப்பாடு உள்ளிருந்து வெளியே சூட்டைக் கடத்தித்தான் ஆறவேண்டும். ஆழத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். மூடியைச் சாய்த்துவைத்து இருபது, முப்பது நிமிடம் ஆவி போகவிட்டு உள்ளே வையுங்கள். குழம்பு நிறைய இருந்தால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவகங்களுக்குத் தரும் அளவு: 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில் வரவேண்டும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். முதல் இரண்டு மணி நேரத்தைக் கறாராக வைத்ததற்குக் காரணம், கிருமி வேகமாகப் பெருகும் இடம் அது.

சோறு விறைப்பது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. வெந்தபோது தளர்ந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுகிறது, அவ்வளவே. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் இது மிக வேகமாக நடக்கும். ரொட்டி வெளியே இருப்பதைவிட ஃப்ரிட்ஜில் சீக்கிரம் வறண்டுபோவதும் இதனால்தான். தண்ணீர் தெளித்து நன்றாகச் சூடுபண்ணினால் சோறு இளகிவிடும், வெதுவெதுப்பாக்கினால் இளகாது. கறியின் பழைய வாடை வேறு சங்கதி. சமைக்கும்போது இறைச்சியிலிருந்து வெளிப்படும் இரும்புச்சத்து, கொழுப்பைக் காற்றோடு சேர்த்துச் சிக்கு வாடை அடிக்கவைக்கிறது. உலர்ந்த துண்டாக வைத்தால் ஒரே இரவில் அந்த வாடை வந்துவிடும். துண்டுகள் குழம்பில் மூழ்கியிருக்கும்படி, டப்பாவில் காற்றிடம் இல்லாமல் வைத்துப் பாருங்கள், பெருமளவு குறையும். எலும்புக் குழம்பு குளிரில் பாகுபோல உறைவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டுகிறவர்களும் உண்டு. அது எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின். நல்ல குழம்பு என்பதற்கு அடையாளம்.

இனி மனநிலைக்கு வருகிறேன். தமிழில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். பணத்தில் ‘மிச்சம் பிடித்தார்’ என்றால் கெட்டிக்காரர். சாப்பாட்டில் ‘மிச்சத்தைத் தின்றார்’ என்றால் பாவம். சொல் ஒன்றுதான். பணத்தை முதலிலேயே எடுத்து ஒதுக்குகிறோம். சாப்பாட்டை எல்லோரும் தின்று முடித்தபின் சட்டியில் கிடப்பதைச் சுரண்டுகிறோம். உங்கள் கணவரின் முகச்சுளிப்பு பெரும்பாலும் இந்தச் சுரண்டலின்மேல்தான் என்று நினைக்கிறேன். ஆகவே பரிமாறுவதற்கு முன்னாலேயே மறுநாள் மதியத்துக்கானதைத் தனி டப்பாவில் எடுத்துவிடுங்கள். அதில் யாருடைய கரண்டியும் கையும் பட்டிருக்காது. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி சாப்பாட்டுக்குள் போவது பெரும்பாலும் கைவழியாகத்தான். அது விடும் நஞ்சும் சூட்டுக்கு மசியாது. முன்னாலேயே எடுத்த டப்பா மேடையில் இரண்டு மணி நேரம் கிடக்கவும் செய்யாது. அப்புறம் அதற்கு மிச்சம் என்று பேர் கிடையாது, நாளைய சாப்பாடு. இதை ஒரு வாரம் செய்துவிட்டு அவரிடம் நீட்டிப் பாருங்கள்.

பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. விமானத்தில் சூடாகத் தரும் சாப்பாடு பல மணி நேரம் முன்பே தரையில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, மேலே சுடவைத்தது. காசு கொடுத்து வாங்கும்போது யாரும் அதைப் பழசு என்று சொல்வதில்லை.

‘ஊதாரித்தனம்’ என்று எழுதியதை நான் வாபஸ் வாங்கவில்லை. 2022-இல் உலகில் கடை, உணவகம், வீடு மூன்றிலும் வீணானது 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ, அதாவது தினம் 200 கிராமுக்குச் சற்று மேல். தோலும் எலும்பும் இதில் அடக்கம் என்பதால் அத்தனையும் தின்னக்கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கொட்டுவதைத் தடுப்பதற்காகப் பசியில்லாத வயிற்றில் திணிப்பதை நான் சிக்கனம் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். அடுப்பு எரித்ததும் தண்ணீர் செலவழித்ததும் உலை வைக்கும்போதே முடிந்துவிட்டது. இரண்டு கவளம் அதிகம் தின்றால் அது திரும்பி வராது. குழந்தைகளின் தட்டில் இது இன்னும் மோசம்: நாமே அதிகம் வைத்துவிட்டு, முடி முடி என்று விரட்டுகிறோம். கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பதே வழி. தட்டுக்கு வராதது சட்டியில் சுத்தமாக இருக்கும். தட்டில் பிசைந்தது யாருக்கும் ஆகாது.

அளவை உலையிலேயே திருத்துங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு வேளைக்கு 75-லிருந்து 100 கிராம் அரிசி என்று எடைபோட்டு ஆரம்பியுங்கள். வெந்தால் இரண்டரை, மூன்று மடங்காகும். ஒரு வாரம், கொட்டியது எது, எவ்வளவு, ஏன் என்று ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒரு தாளில் குறியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று பண்டங்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் குறைத்தால் போதும்.

மாமியாரிடம் சொல்லவேண்டியது: ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. சுடவைப்பது, அப்போது சாப்பிடப்போகும் அளவை மட்டும். மேடையில் இரவெல்லாம் கிடந்த சோறு, வெளியிலேயே இருந்துவிட்ட மீன், இரண்டையும் யோசிக்காமல் கொட்டிவிடலாம். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். கருவுக்கு ஆபத்தான லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும்.

நாலு நாளுக்குள் தீராது என்று தெரிந்தால் ஃப்ரீசர். ஆனால் நாலாம் நாள் இரவில் மனசு கேட்காமல் தூக்கி அங்கே வைப்பதில் பயனில்லை. உறைநிலை கிருமியைக் கொல்லாது, அப்படியே நிறுத்திவைக்கும். நாலாம் நாள் வைத்தால் நாலாம் நாள் சாப்பாடாகவே வெளியே வரும். சமைத்த அன்றே, ஒரு வேளைக்கு ஒரு பையாக, 2 செ.மீ. தடிமனில் தட்டி, தேதி எழுதி மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். சோறும் ரொட்டியும் ஃப்ரிட்ஜைவிட அங்கே நன்றாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கு சொதசொதவென்று ஆகும், முட்டையின் வெள்ளை ரப்பராகும், தயிர் சேர்ந்த குழம்பு திரிந்து வரும். இந்த மூன்றையும் வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்