ஆல்புமின் 2.9: முட்டை கொடுத்தால் ஏறிவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, எடை 50 கிலோ. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. நாக்கில் புற்றுநோய். ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 2.9 என்று குறைவு, சி.ஆர்.பி. கூடுதல். தினம் நாலு முட்டை கொடுத்தால் சரியாகிவிடுமா டாக்டர்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ஆனால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்குவதற்குச் சாப்பாட்டுக் குறைவு மட்டும் காரணமில்லை. கட்டியால் உடலில் அழற்சி கிளம்பினால், கல்லீரல் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தை அள்ளி விடும், ஆல்புமினைக் குறைத்துவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். ரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோபில் வகையின் எண்ணிக்கையை லிம்போசைட் வகையின் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதமும் இப்படித்தான், அழற்சியைக் காட்டும். அது அதிகமுள்ளவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அது பல நோயாளிகளின் சராசரி, உங்கள் அப்பாவின் ஜாதகம் அல்ல.

நான் முதலில் கேட்பது எடையை. ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்திருக்கிறதா? கதிர்வீச்சு தொடங்கி வாய் புண்ணானால் கஞ்சிகூட இறங்காது. அதற்கு முன்பே உணவியல் நிபுணரைப் பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இவருக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். நாலு முட்டையில் சுமார் 24 கிராம்தான். கூழில் பால் பவுடர், குழைந்த பாசிப்பருப்பு, தயிர் எல்லாம் சேரட்டும். உணவு செலுத்த மூக்கு வழியே குழாய் போடச் சொன்னால், 'கடைசிக் கட்டமோ' என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.