வாட் வி-173 மாடல்: ப்ரொப்பெல்லர் சுழலும் திசையை மாற்றுங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் தெர்மோகோல் வி-173 (அமெரிக்காவின் வாட் நிறுவனம் செய்த, தட்டு போன்ற வட்ட இறக்கை கொண்ட சோதனை விமானத்தின் மாடல்) வேகம் குறைந்தாலே தொப்பென்று விழுவதாக எழுதியிருந்தீர்கள். வீடியோவில் இரண்டு ப்ரொப்பெல்லரும் மேல்பக்கம் உள்நோக்கிச் சுற்றுகின்றன. பெரும்பாலும் சிக்கல் அதுதான்.

இப்படி நுனிக்கு நுனி நீளம் குறைந்த இறக்கையில் அடிக்காற்று நுனியைச் சுற்றி மேலேறி உள்ளே சுருளும். அந்தச் சுழலை எதிர்க்கத்தான் அசல் விமானத்தை வடிவமைத்த சார்லஸ் சிம்மர்மன் ப்ரொப்பெல்லர்களை நுனியிலேயே வைத்து, மேல்பக்கம் வெளிநோக்கிச் சுழலவிட்டார். அசல் வி-173 1942-இல் பறந்தும் காட்டியது. அதிலிருந்து பிறந்த அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம் எக்ஸ்எஃப்5யு-வை முறையாகப் பறக்கவிடாமலே 1947-இல் கைவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இடது வலது ப்ரொப்பெல்லர்களை இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு பிரஷ்லெஸ் மோட்டாரிலும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றி இணையுங்கள்; சுழலும் திசை திரும்பிவிடும். அப்புறம் ஈர்ப்பு மையத்தையும் சரிபாருங்கள்.