ஓபிசி யுஏ சர்வரில் இருந்து மதிப்பைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. ஏன்?

கேள்வியின் சாரம் இதுதான்: பைத்தானில் எழுதிய உங்கள் கிளையண்ட், சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சியின் (மிஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஓபிசி யுஏ சர்வரில் (மிஷின் தரவை மற்ற புரோகிராம்களோடு பரிமாறும் பொது நெறிமுறை) இருந்து வெப்பநிலையை ஒழுங்காகப் படிக்கிறது. செட்பாயிண்டை, அதாவது மிஷின் எட்ட வேண்டிய இலக்கு மதிப்பை, எழுதப் போனால் மட்டும் ‘பேட் டைப் மிஸ்மேட்ச்’ என்று திருப்பி அனுப்புகிறது. தசம எண்ணைத்தானே அனுப்புகிறேன், அப்புறம் என்ன வகைத் தகராறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தசம எண்தான், ஆனால் அளவு வேறு. பைத்தானின் ஃப்ளோட் 64 பிட். லைப்ரரி அதை ‘டபுள்’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிடும். பிஎல்சியில் ‘ரியல்’ என்று அறிவித்த டேக் (பெயரிட்ட மதிப்பு) 32 பிட். ஓபிசி யுஏ கணக்கில் அதற்குப் பெயர் ‘ஃப்ளோட்’. படிக்கும்போது வருகிற எதையும் பைத்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். எழுதும்போது சர்வர் உங்களுக்காக வகையை மாற்றித் தராது. முழு எண்ணிலும் இதே கதைதான்: நீங்கள் அனுப்புவது இன்ட்64, பிஎல்சியின் ‘இன்ட்’ வெறும் 16 பிட், ‘டிஇன்ட்’ 32 பிட். அதனால் மதிப்பைச் சுமக்கும் உறையான வேரியன்ட்டின் வகையை நீங்களே குறிப்பிட்டு எழுதுங்கள். ஊகிக்கவும் வேண்டாம், கிளையண்ட் இணைந்ததும் அந்த நோடின் (சர்வரில் அந்த டேக் இருக்கும் இடம்) டேட்டா டைப்பை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள்.

வகையைச் சரிசெய்ததும் அடுத்து ‘பேட் ரைட் நாட் சப்போர்ட்டட்’ வந்தால் பயப்பட வேண்டாம். ஓபிசி யுஏ-வில் நீங்கள் அனுப்புவது எண் மட்டும் அல்ல. மதிப்பு, அது நம்பத்தக்கதா என்று சொல்லும் நிலைக் குறியீடு, நேர முத்திரை எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலம். சில லைப்ரரிகள் கேட்காமலே நேர முத்திரையையும் சேர்த்துவிடும். சீமென்ஸ் சர்வர் வெறும் மதிப்பைத்தான் ஏற்கும். சோர்ஸ் டைம்ஸ்டாம்ப், சர்வர் டைம்ஸ்டாம்ப் இரண்டையும் காலியாக விட்டு அனுப்பிப் பாருங்கள்.

‘நாட் ரைட்டபிள்’ அல்லது ‘யூசர் ஆக்சஸ் டினைட்’ வந்தால் கோடைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. பிஎல்சி புரோகிராம் எழுதும் டிஐஏ போர்ட்டல் மென்பொருளில், அந்த டேகுகள் இருக்கும் டேட்டா பிளாக்கைத் திறந்தால் ஒவ்வொரு டேகுக்கும் எதிரே ஓபிசி யுஏ வழியாக எட்டலாமா, எழுதலாமா என்று இரண்டு தனித்தனி டிக் பெட்டிகள் இருக்கும். முதலாவது மட்டும் டிக் ஆகியிருந்தால் படிக்கத்தான் முடியும். இல்லையென்றால் நீங்கள் நுழைந்திருக்கும் பயனருக்கு அனுமதி இல்லை.

இதையெல்லாம் பிரித்துப் பார்க்க யுஏ எக்ஸ்பர்ட் என்ற இலவச கிளையண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே நோடில் அதே மதிப்பை அதிலிருந்து எழுதுங்கள். அதில் போகிறது, உங்கள் கோடில் போகவில்லை என்றால் வகை அல்லது நேர முத்திரை. அதிலும் போகவில்லை என்றால் சர்வர் பக்கம்.

சரி, இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை நீங்கிய பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கும். சர்வர் ‘குட்’ என்று சொன்னால் மதிப்பு சர்வரிடம் சேர்ந்தது என்றுதான் பொருள். மிஷின் அதன்படி ஓடுகிறது என்று பொருள் அல்ல. பிஎல்சி புரோகிராமில் எங்கோ ஒரு வரி அந்த டேகில் தன் மதிப்பை ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராம் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும்) எழுதிக்கொண்டிருந்தால், நீங்கள் போட்டது சில மில்லிசெகண்டில் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பல டேகுகளை ஒரே அழைப்பில் எழுதும்போது இன்னொரு வலை: அழைப்பு மொத்தத்துக்கு ‘குட்’ வந்தாலும் உள்ளே ஒவ்வொரு டேகுக்கும் தனித்தனி முடிவு இருக்கும். அதைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகளில் இந்த வேலை செய்கிறேன். பெங்களூரா மாம்பழ சீசனில் ஒரு யூனிட்டில் ஆபரேட்டர் கூப்பிட்டார். “சார், பாஸ்டரைசருக்குப் பேனல்ல 92 போடறேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள 90 ஆயிடுது. பேனல் போயிடுச்சு போல” என்றார். பேனல் நன்றாகத்தான் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ எழுதிக் கொடுத்திருந்த ரெசிபி புரோகிராம், ஒவ்வொரு விநாடியும் 90 என்று அதே டேகில் எழுதிக்கொண்டே இருந்தது. எழுதிய ஒவ்வொரு முறையும் ‘குட்’. லாக் ஃபைல் முழுக்கப் பச்சை. கீழே ஆபரேட்டரோ தொடுதிரையை விரலால் குத்திக்கொண்டிருக்கிறார். ஒரே ஸ்டீயரிங்கை இரண்டு பேர் பிடித்த மாதிரி.

அங்கே நான் செய்ததையே உங்களுக்கும் சொல்வேன். கிளையண்ட், உண்மையான செட்பாயிண்டைத் தொடவே கூடாது. பிஎல்சியில் தனியாக ஒரு ‘கோரிக்கை’ டேட்டா பிளாக் வையுங்கள்: கேட்கிற மதிப்பு, ஒரு வரிசை எண், அவ்வளவுதான். வரிசை எண் மாறியதைப் பார்த்ததும் பிஎல்சி அந்த மதிப்பைத் தன் எல்லையோடு ஒப்பிட்டு, மிஷின் ஆட்டோவில் இருந்தால் மட்டும் செட்பாயிண்டுக்கு நகலெடுக்கட்டும். பிறகு ஏற்றுக்கொண்ட வரிசை எண்ணையும், மறுத்திருந்தால் காரணத்தையும் வேறு டேகுகளில் எழுதட்டும். கிளையண்ட் அதைப் படித்த பிறகுதான் திரையில் ‘மாறியது’ என்று காட்ட வேண்டும். ஆபரேட்டர் பேனலில் மாற்றினால் அந்த மதிப்பு அப்படியே இருக்கும். நீங்கள் புதுக் கோரிக்கை அனுப்பினால்தான் மாறும். எல்லைச் சோதனை பைத்தானில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நாளைக்கு வேறு ஒருவர் வேறு கிளையண்ட் எழுதுவார்.

இதில் ஒரு நுணுக்கம். மதிப்பையும் வரிசை எண்ணையும் ஒரே ரைட் அழைப்பில் அனுப்பாதீர்கள். ஒரே அழைப்புக்குள் எது முதலில் எழுதப்படும் என்பதற்கு ஓபிசி யுஏ விதிகளில் உத்தரவாதம் இல்லை. முதலில் மதிப்பு, அதற்குப் பதில் வந்த பிறகு அடுத்த அழைப்பில் வரிசை எண்.

திருப்பிப் படித்து ஒப்பிடும்போது சமக்குறி போட்டுச் சோதிக்காதீர்கள். 91.7 என்று எழுதினால் 32 பிட் ஃப்ளோட்டில் இருந்து 91.69999694824219 என்று வரும். ‘எழுதவில்லை’ என்று நினைத்து கிளையண்ட் திரும்பத் திரும்ப எழுதும். 0.01 வித்தியாசத்தை விட்டுக்கொடுங்கள்.

கிளையண்ட் ரீஸ்டார்ட் ஆகும்போது தன் நினைவில் உள்ள மதிப்பைத் தூக்கி எழுதக் கூடாது. முதலில் பிஎல்சியில் இருப்பதைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நோட் முகவரியில் வரும் நேம்ஸ்பேஸ் (பெயர்த் தொகுதி) எண்ணை 3 என்று கோடில் நிரந்தரமாக எழுதி வைப்பதும் ஆபத்து. சர்வர் அமைப்பு மாறினால் அந்த எண்ணும் மாறலாம், நேம்ஸ்பேஸின் முகவரியை (யுஆர்ஐ) சர்வரிடம் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எமர்ஜென்சி ஸ்டாப், இன்டர்லாக் (பாதுகாப்புத் தடை) எதையும் இந்த வழியில் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

உங்கள் யூனிட்டும் சீசனுக்கு மட்டும் ஓடுவதாக இருந்தால் ஒன்று: எஸ்7-1200-இன் கடிகாரம் மின்சாரம் இல்லாமல் சுமார் 20 நாள்தான் தாங்கும். ஆகஸ்டில் மெயினை அணைத்துவிட்டு ஏப்ரலில் போட்டால் பிஎல்சி பழைய வருடத்தில் எழுந்திருக்கும். சான்றிதழோடு இணைகிற கிளையண்டைப் பார்த்து, இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லை என்று கதவைச் சாத்திவிடும். போன சீசனில் ஓடிய கோடு அப்படியே இருக்கும், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் இணைப்பு கிடைக்காது. பிஎல்சிக்கு என்டிபி நேர சர்வர் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரையே நேர சர்வராக வைத்தாலும் போதும்.

இவ்வளவும் பார்த்தும் எழுத முடியவில்லை என்றால், யுஏ எக்ஸ்பர்டில் அந்த நோடின் டேட்டா டைப்பும் யூசர் ஆக்சஸ் லெவலும் என்ன காட்டுகின்றன என்று கமெண்டில் போடுங்கள்.