நம்ம ஆள் விழுந்தால் ஃபவுல், எதிராளி விழுந்தால் நடிப்பு

கேள்வி: கால்பந்தில் விழுந்து உருண்டு ரெஃப்ரியை ஏமாற்றுகிற வேலையைத் தொடங்கி வைத்ததே தென் அமெரிக்கர்கள்தான். அதிலும் பிரேசில்காரர்கள் மோசம். மெஸ்ஸியைப் பாருங்கள், சட்டையைப் பிடித்து இழுத்தாலும் விழாமல் ஓடுவார். நெய்மர் மாதிரி ஆட்களுக்கு ஆயுள் தடை போட்டால்தான் ஆட்டம் உருப்படும். இதை ஏன் நீங்கள் எழுதுவதே இல்லை?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய அர்ஜென்டினா ரசிகர், குளச்சல்

பதில்: முதலில் பூகோளம். மெஸ்ஸி பிறந்த ரோசாரியோவும் தென் அமெரிக்காவில்தான் இருக்கிறது. பிரேசில்காரனைத் திட்டவேண்டும் என்றால் நேராகவே திட்டுங்கள், உலகக் கோப்பை வந்தால் நம் கடற்கரை முழுக்க எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள், அதற்கு எதற்கு ஒரு கண்டத்தையே இழுக்க வேண்டும்?

மெஸ்ஸியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அவர் காலில் நிற்கிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் போட்டிருக்கும் அதே நீலவெள்ளைச் சட்டைக்குள் வேறு யார் யார் இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1998 உலகக் கோப்பை, ஜூன் 30, பிரான்சில் செயிண்ட் எட்டியென் மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். கீழே கிடந்த இங்கிலாந்தின் பெக்காம் தன் காலால் சும்மா பின்னால் ஒரு தட்டுத் தட்டினார், அர்ஜென்டினாவின் சிமியோனே அடியற்ற மரமாகச் சாய்ந்தார், பெக்காமுக்குச் சிவப்பு அட்டை. சிலவருடம் கழித்து சிமியோனேயே அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியதாக ஒப்புக்கொண்டார். நான்கு நாள் கழித்து மார்சேயில் நெதர்லாந்துடன் காலிறுதி. அர்ஜென்டினாவின் ஓர்ட்டேகா பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்து பார்த்தார், பருப்பு வேகவில்லை, எழுந்து வந்து நெதர்லாந்து கோலி வான் டெர் சார் தாடையில் தலையால் ஒரு முட்டு முட்டிவிட்டு வெளியே போனார். அப்புறம் 1986-இல் மரடோனா கையால் தட்டிய கோல் இருக்கிறது. அது விழுவது இல்லை, ஆனால் ரெஃப்ரியை ஏமாற்றுவதில் அதைவிடப் பெரியது எது? அந்தக் கோலை மேதைமை என்று கொண்டாடிவிட்டு, 1990 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனியின் ஃபோலர் விழுந்து வாங்கிய பெனால்டியை இன்றைக்கும் அநியாயம் என்று புலம்பும் அர்ஜென்டினா ரசிகர்கள் எனக்கே நிறையப் பேரைத் தெரியும். நீங்களும் அதில் ஒருவர் என்றே நினைக்கிறேன்.

சரி, இங்கிலாந்துக்காரன் யோக்கியமா? அதே செயிண்ட் எட்டியென் ஆட்டத்தில்தான் மைக்கேல் ஓவன் விழுந்து ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தார், ஷியரர் அடித்தார். அன்று நினைத்திருந்தால் விழாமல் நின்றிருக்கலாம் என்று பிற்பாடு ஓவனே சொன்னார். ஆனால் இங்கிலாந்தில் யாரிடமாவது அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், சிமியோனே பெயர் வரும், பெக்காம் பெயர் வரும், ஓவன் என்றால் அவர் தனியாளாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி அடித்த அந்த அழகான கோல் வரும். விழுந்தது மட்டும் வராது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2012 அக்டோபர் 28. எவர்டன், லிவர்பூல் இரண்டும் ஒரே ஊர் அணிகள், அன்று மோதல் எவர்டனின் குடிசன் பார்க்கில். ஆட்டத்துக்கு முன்பே எவர்டன் பயிற்சியாளர் டேவிட் மொய்ஸ், லிவர்பூலின் சுவாரெஸ் மாதிரி விழுகிற ஆட்களால் ஜனங்களுக்கு ஆட்டத்தின்மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்கிற தோரணையில் பேசிவைத்திருந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சுவாரெஸ் அடித்த பந்து எவர்டன் ஆள் மேலேயே பட்டு வலைக்குள் போனது. மனிதர் எங்கே ஓடினார் தெரியுமா? தன் ரசிகர்கள் பக்கம் இல்லை, நேராக மொய்ஸ் நின்ற இடத்துக்கு ஓடி, அவர் கண்முன்னால் நெஞ்சு தரையில் படப் புல்லில் பாய்ந்து விழுந்தார். சேட்டை என்றால் அது சேட்டை. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதே ஆட்டத்தில் நடிப்புக்காக மஞ்சள் அட்டை வாங்கியது யார்? சுவாரெஸ் இல்லை. எவர்டன் கேப்டன் ஃபில் நெவில். இங்கிலாந்துக்காரர், உழைப்பாளி, ஒழுக்கமானவர் என்று பெயர் எடுத்தவர். அவரை யாராவது நடிகன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு தரம் பெயர் கெட்டவன் உண்மையாகவே அடிபட்டு விழுந்தாலும் நடிப்பு, நல்ல பெயர் உள்ளவன் நடித்தாலும் ஏதோ தடுமாறிவிட்டான்.

இன்னொன்று, இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். விழுகிறவனைத் திட்டுகிற நாம் உதைக்கிறவனை என்ன செய்கிறோம்? 2014-இல் ஃபோர்டலேசாவில் கொலம்பியாவின் சூனிகா பின்னாலிருந்து வந்து முழங்காலால் நெய்மரின் முதுகில் இடித்தார். முதுகெலும்பில் முறிவு, உலகக் கோப்பை அத்தோடு போச்சு. சூனிகாவுக்கு மஞ்சள் அட்டைகூட இல்லை. 2018-இல் சுவிட்சர்லாந்துடன் முதல் ஆட்டத்தில் மட்டும் நெய்மர்மேல் 10 ஃபவுல் போட்டார்கள், 1998-க்குப் பிறகு ஒரே உலகக் கோப்பை ஆட்டத்தில் ஒரே ஆள் அவ்வளவு வாங்கியது அதுதான் முதல் முறை. அந்த 10 உதை யார் நினைவிலும் இல்லை, அவர் உருண்டதுதான் உலகம் முழுக்கச் சிரிப்பானது. அவர் நடிக்கவே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே போட்டியில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக லேசாகக் கை பட்டதற்கு மல்லாந்து விழுந்து, ரெஃப்ரி கொடுத்த பெனால்டியை வீடியோவில் பார்த்துவிட்டு ரத்து செய்தார்களே, அது அசல் நடிப்பு. ஆனால் உதைப்பவன் ‘கெட்டியான பிளேயர்’, விழுபவன் ஏமாற்றுக்காரன் என்று பிரித்துவைத்திருக்கிறோமே, அந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. ஒருவன் ஏமாற்றுகிறான், இன்னொருவன் எலும்பை முறிக்கிறான், இதில் எது பெரிய குற்றம்?

ஏன் விழுகிறார்கள் என்பது ரகசியமே இல்லை. பெனால்டி கிடைத்தால் ஏறக்குறைய நான்கில் மூன்று கோல்தான். மாட்டிக்கொண்டால் ஒரு மஞ்சள் அட்டை. எந்தத் தொழிலில் இப்படி ஒரு லாபம் வரும்? அதுபோக, சட்டையை இழுத்தும் விழாமல் ஓடுகிறவனுக்கு பெரும்பாலான ரெஃப்ரிகள் விசில் ஊதுவதே இல்லை, அப்புறம் விழாதே என்று எந்த வாயால் சொல்வது? 2002 உலகக் கோப்பையில் துருக்கி ஆட்டத்தில் பந்து காலில் பட்டதற்கு முகத்தைப் பொத்திக்கொண்டு பிரேசிலின் ரிவால்டோ விழுந்தார். பந்தை அடித்த ஹக்கன் உன்சல் வெளியே அனுப்பப்பட்டார், ரிவால்டோவுக்கு 11,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டு அவர் உலகக் கோப்பையைத் தூக்கினார். இது உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி, உங்களுக்கே ஏன் ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை. இங்கிலாந்தில் 2017-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: நடித்து பெனால்டி வாங்கினாலோ எதிராளியை வெளியே அனுப்பவைத்தாலோ, பிறகு வீடியோ பார்த்து இரண்டு ஆட்டம் தடை. பிரீமியர் லீகில் அதில் முதலில் மாட்டியது உமர் நியாஸ். எந்த அணி என்கிறீர்கள்? எவர்டன்தான்.

உண்மை சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1997-இல் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ராபி ஃபவுலர், இது பெனால்டி இல்லை என்று ரெஃப்ரியிடம் தானே போய்ச் சொன்னார், ரெஃப்ரி கேட்கவில்லை. 2014-இல் ஜெர்மனியில் வெர்டர் பிரேமன் அணியின் ஆரோன் ஹுன்ட் சொன்னபோது ரெஃப்ரி கேட்டு பெனால்டியை ரத்து செய்தார். இப்படி எண்ணிச் சொல்லவேண்டிய நிலையில்தான் விஷயம் இருக்கிறது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று நல்ல நல்ல ஆட்டக்காரர்களை அனுப்பிய கடற்கரை இது, மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரை போனது இங்கிருந்துதான். பங்குத் திருவிழாவை ஒட்டி நடக்கும் ஏதாவது ஒரு டோர்னமென்டில் போய் கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். பாக்ஸுக்குள் விங்கர் விழுவான். ஒரு பக்கம் ‘எழும்புலே, நடிக்காத’ என்று கத்துவார்கள், மறுபக்கம் ‘ரெஃப்ரீ, கண்ணு தெரியல்லியா’ என்று கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். இடைவேளை முடிந்து எதிர் அணிப் பையன் அதே மாதிரி விழட்டும், வசனம் இரண்டும் அப்படியே ஆள் மாறும், சொல்கிறவர் முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது. மைக்கில் வர்ணனை சொல்கிறவர் எந்த ஊர்க்காரர் என்பதை அவர் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும், எங்கள் ஆட்கள் விழுவதோடு சரி, நெய்மர் மாதிரி உருள்வதில்லை. மணலில் கிடக்கிற சிப்பித் துண்டு முதுகைக் கிழித்துவிடும்.

ஆயுள் தடை கேட்டிருக்கிறீர்கள். போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் சட்டப்படி சிமியோனே 1998 ஜூன் 30-ஆம் தேதியே வீட்டுக்குப் போயிருப்பார், ஓர்ட்டேகா ஜூலை 4-ஆம் தேதி பின்னாலேயே போயிருப்பார், கையால் கோல் போட்ட மரடோனா 1986-க்குப் பிறகு பந்தையே தொட்டிருக்க முடியாது. தடை செய்யவேண்டியவர்கள் பட்டியலை நீங்களே எழுதி அனுப்புங்கள். இந்த மூன்று பெயரும் அதில் இருந்தால், நெய்மர் பெயரையும் சேர்த்து அடுத்த இதழில் ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்.