சிஎஸ்-80 மென்பொருளுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: யமஹா சிஎஸ்-80 சின்தசைசரின் ஒலி மேல் எனக்குப் பல வருடப் பைத்தியம். அதை மென்பொருளாக்கிய பிளக்-இன்கள் ஏற்கெனவே சில இருக்கின்றன. இப்போது இன்னொரு நிறுவனம் புதிதாக ஒன்று வரப்போவதாக முன்னோட்டம் விட்டிருக்கிறது. தேதி சொல்லவில்லை. ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன். இருப்பதில் ஒன்றை வாங்கவா, இன்னும் பொறுக்கவா? என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள ஐ5 லேப்டாப், ஆஃப்டர்டச் இல்லாத 49 கட்டை மிடி கீபோர்டு, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருக்கின்றன. ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது.

பதில்: காத்திருக்க வேண்டாம். அதற்காக இன்றைக்கே ஒரு பிளக்-இன்னை வாங்கிவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் 'ஆஃப்டர்டச் இல்லாத' என்ற சொற்கள். கட்டையை அடித்த பிறகு மேலும் அழுத்துவதை உணரும் வசதிதான் ஆஃப்டர்டச். நீங்கள் தேடும் ஒலியில் பாதி அங்கேதான் விடுபட்டிருக்கிறது. எவ்வளவு துல்லியமான மென்பொருள் வந்தாலும் அந்தக் கீபோர்டில் வாசித்தால் பாதிதான் கேட்கும்.

ஏன் என்று சொல்கிறேன். சிஎஸ்-80 1977இல் வந்த கருவி. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 8 சுரங்கள், 80 கிலோவுக்கு மேல் எடை. அந்தக் காலத்துச் சின்தசைசர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டை என்பது வெறும் சுவிட்ச். அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் நிற்கும். சிஎஸ்-80இல் கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். அடித்த பிறகு எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். இந்தப் பின்னழுத்தம் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி. இதைத்தான் பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் என்கிறோம்.

ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். துருத்தியைக் கொஞ்சம் வேகமாக அழுத்தினால் பிடித்திருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து உரக்க ஒலிக்கும். இன்று ஆஃப்டர்டச் உண்டு என்று விற்கப்படும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதற்குச் சேனல் ஆஃப்டர்டச் என்று பெயர். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனியாக ஒரு குட்டித் துருத்தி இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சிஎஸ்-80.

ஒரு சின்ன சோதனையைக் கற்பனை செய்து பாருங்கள். இடது கையில் ஒரு மைனர் கார்டை (சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை) பிடித்து வைக்கிறீர்கள். வலது கைச் சுண்டுவிரல் மேலே ஒரு சுரத்தைத் தொடுகிறது. முதலில் மெல்லிசாக, மூடிய ஒலி. சுண்டுவிரலை மட்டும் மெதுவாக உள்ளே அழுத்துகிறீர்கள். கீழே கார்டு அசையாமல் நிற்க, அந்த ஒரு சுரம் மட்டும் பித்தளை வாத்தியம் வாய் திறப்பதுபோலப் பிரகாசமாகி, சத்தம் கூடி, கடைசியில் லேசாக நடுங்கத் தொடங்குகிறது. விரலைத் தளர்த்தினால் மறுபடி கார்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் உள்ள சின்னக் கீபோர்டு ஒன்றில் இதை முதன்முதலில் வாசித்தபோது, பல வருடம் பிரீசெட் பிரீசெட்டாக (முன்பே அமைத்துத் தரும் ஒலிகளில்) நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று புரிந்தது. அன்று மென்பொருள் மாறவில்லை, அதே பழைய பிளக்-இன்தான்.

ஆகவே உங்கள் காசு போகவேண்டிய முதல் இடம் கீபோர்டு. சிஎம்இ நிறுவனத்தின் எக்ஸ்கீ என்ற தட்டையான சிறிய கீபோர்டில் இந்த வசதி உண்டு. கட்டை ஆழம் குறைவு என்பதால் பியானோ பழகிய கைக்கு முதலில் பிடிக்காது, ஆனால் அழுத்தம் ஒழுங்காகப் பதிவாகும். கோர்க் கீஸ்டேஜிலும் உண்டு. ஹைட்ராசிந்திலும் உண்டு; விலை அதிகம், ஆனால் அதுவே ஒரு முழு சின்தசைசர். எதை வாங்கினாலும் விவரப் பட்டியலில் 'ஆஃப்டர்டச்' என்று மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 'பாலிஃபோனிக்' என்ற சொல் இருக்கவேண்டும். சிஎஸ்-80இல் விரலால் தொட்டு இழுக்கும் ஒரு நீண்ட ரிப்பனும் இருந்தது: விரலை எங்கே வைக்கிறீர்களோ அந்த இடமே தொடக்கம், அங்கிருந்து இழுக்கும் தூரத்துக்குச் சுருதி வளையும். அதற்குக் கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரமான பிட்ச் வீல் சுமாரான மாற்று.

கீபோர்டு வாங்கும்வரை ஒரு வழி இருக்கிறது. ரீப்பரில் ஒரே பிளக்-இன்னை இரண்டு டிராக்குகளில் போடுங்கள். ஒன்றில் கார்டு, மற்றதில் மேல் சுரம் மட்டும். மேல் சுரத்தின் டிராக்கில் மட்டும் ஃபில்டரையும் (ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) சத்தத்தையும் மாட் வீல் என்ற இன்னொரு சக்கரத்தால் ஏற்றி இறக்குங்கள். நேரடியாக வாசிக்கும் சுகம் வராது. பதிவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். ஆர்ட்டூரியா நிறுவனம் தன் முதல் சிஎஸ்-80 பிளக்-இன்னை வெளியிட்டது 2003இல். அனலாக் ஃபில்டரைக் கணக்காக மாற்றும் வித்தை அப்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. மூக் சின்தசைசரின் ஃபில்டரை டிஜிட்டலில் எப்படி எழுதுவது என்று ஸ்டான்ஃபோர்டின் ஸ்டில்சனும் ஸ்மித்தும் கட்டுரை எழுதியது 1996இல். டிரான்சிஸ்டரின் கோணல்களையும் சேர்த்து ஆராய்ச்சியாளர் ஹுவோவிலைனன் எழுதியது 2004இல். சிக்கல் எங்கே என்றால், அனலாக் சர்க்யூட்டில் வெளியே வரும் மின்னழுத்தம் அதே கணத்தில் உள்ளே திரும்பிப் போகிறது. எளிமையாக எழுதிய மென்பொருளில் அது ஒரு சாம்பிள் (ஒலியை எண்ணாக எழுதும் ஒரு துளி) தாமதித்துத்தான் திரும்பும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் சுமார் 23 மைக்ரோநொடி. கேட்க ஒன்றுமில்லாத தாமதம், ஆனால் ஃபில்டரை மேலே திறக்கத் திறக்க, ஓர் அதிர்வெண்ணை மட்டும் எடுப்பாக்கும் ரெசனன்ஸ் தடம் மாறிவிடும். அந்தத் தாமதத்தைக் கணக்கிலேயே தீர்க்கும் முறை பின்னால் பரவலானது, கம்ப்யூட்டர்களும் வேகமாயின. ஆர்ட்டூரியாவும் தன்னுடையதைப் புதிதாக எழுதியது. செர்ரி ஆடியோ 2022இல் சிஎஸ்-80யையும் அதன் அண்ணனான ஜிஎக்ஸ்-1ஐயும் சேர்த்து ஜிஎக்ஸ்-80 என்று கொண்டுவந்தது. எனவே அடுத்து வருவது இவற்றைவிடப் பல மடங்கு மேலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய பாய்ச்சல் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 'அசல் போலவே' என்று முன்னோட்டத்தில் சொல்லும்போது எந்த அசல்? இத்தனை வருடத்தில் ஒவ்வொரு சிஎஸ்-80யும் தன் போக்கில் முதுமை அடைந்திருக்கிறது. கெப்பாசிட்டர் மாறியிருக்கும், சுருதி வேறு கையால் சேர்க்கப்பட்டிருக்கும். சூடு ஏறினாலே சுருதி நகரும் கருவி அது. ஒரு நிறுவனம் அளந்து எழுதுவது தன் கைக்குக் கிடைத்த கருவியைத்தான். இரண்டு பிளக்-இன்கள் வேறுமாதிரி ஒலித்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஆனால் நல்லதையும் சுமாரையும் காதால் பிரிக்க முடியும். டெமோ எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் கோரஸ் (ஒலியைத் தடிமனாக்குவது), ரிவர்ப் (கூடத்தின் எதிரொலி) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபில்டரை முழுதாகத் திறந்து, சா-டூத் (ரம்பப்பல் வடிவ) அலையில் மிக உயரமான ஒரு சுரத்தைப் பிடித்துப் பிட்ச் வீலை மெதுவாக மேலே தள்ளுங்கள். சுரம் மேலே போகும்போது பின்னணியில் மங்கலாக ஏதாவது கீழே இறங்குவது கேட்டால் அது அலியாசிங். 1,760 ஹெர்ட்ஸ் சுரத்தின் 25 மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரம் 44,000 ஹெர்ட்ஸ். 44,100 சாம்பிள் வேகத்தில் அதன் பாதிக்கு மேற்பட்ட எதற்கும் இடமில்லை. மடங்கித் திரும்பி 100 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உறுமல். நன்றாக எழுதிய மென்பொருளில் இது காதில் விழாது.

இரண்டாவது, ஒரே கட்டையை ஒரே பலத்தோடு எட்டுப் பத்து முறை தட்டுங்கள். பழைய பாலிஃபோனிக் கருவிகள் பலவற்றில் ஒவ்வொரு தட்டும் வேறொரு வாய்ஸ் சர்க்யூட்டுக்குப் (ஒரு சுரத்தை ஒலிக்கவைக்கும் சர்க்யூட்) போகும். எதுவும் மற்றதை அச்சாக ஒத்திருக்காது. மென்பொருளில் பத்துத் தட்டும் நகலெடுத்ததுபோல இருந்தால் அதில் அந்த உயிர் இல்லை. வாய்ஸுக்கு வாய்ஸ் விலகலைக் கூட்டும் குமிழ் இருக்கிறதா என்று தேடுங்கள்; சிலவற்றில் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும்.

டெமோக்களில் சில இடையிடையே இரைச்சல் போடும், சில 20 நிமிடத்தில் நின்றுவிடும். இந்தச் சோதனைகளுக்கு அதுவே தாராளம். ஒரு விஷயம் மட்டும் டெமோவில் கட்டாயம் பாருங்கள்: பாலிஃபோனிக் ஆஃப்டர்டச்சை அது ஏற்கிறதா, ஏற்றால் ஒவ்வொரு சுரத்தின் பிரகாசத்துக்கும் சத்தத்துக்கும் தனியாகக் கொண்டுபோகிறதா என்று.

நிறுவனத்தின் விளம்பர வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் காதலிக்கும் ஒலி அநேகமாக 1982இல் வந்த பிளேட் ரன்னர் படத்துக்கு வாங்கெலிஸ் போட்ட இசையில் கேட்டதாக இருக்கும். அதில் சிஎஸ்-80 தனியாக இல்லை. லெக்சிகன் 224 என்ற டிஜிட்டல் ரிவர்ப்பின் பெரிய கூடத்துக்குள் அது ஒலிக்கிறது. ரிவர்ப்பை எடுத்துவிட்டால் அதே சுரம் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல, வறட்சியாக இருக்கும். அப்படி இருப்பதே சரி. ரிவர்ப்பைத் தனியாகப் போடுங்கள். எண்பதுகளின் டிஜிட்டல் ரிவர்ப் ஒலிக்கு வால்ஹல்லா விண்டேஜ்வெர்ப் என்ற பிளக்-இன் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

லேப்டாப் தாங்குமா? ரேம் கவலை வேண்டாம், பதிவுசெய்த ஒலிகளை ஏற்றும் கருவி இல்லை இது. பாரம் முழுவதும் பிராசசர் மேல். ஒரு கணக்குப் போடுவோம். 8 சுரம், சுரத்துக்கு இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஒரு ஹை-பாஸ் (கீழ் ஒலிகளை வெட்டும் ஃபில்டர்), ஒரு லோ-பாஸ் (மேல் ஒலிகளை வெட்டுவது). மொத்தம் 32 ஃபில்டர். அலியாசிங்கைத் தவிர்க்க நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (கூடுதல் வேகத்தில் கணக்கிடுவது) போட்டால் ஒவ்வொன்றையும் நொடிக்கு 1,76,400 முறை கணக்கிட வேண்டும். பழைய ஐ5 ஆக இருந்தால் மூச்சு வாங்கும். வாசிக்கும்போது ஓவர்சாம்பிளிங்கைக் குறைத்து, கடைசியாக ஆடியோ எடுக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டு) 256 சாம்பிள் என்றால் அதனால் வரும் தாமதம் 6 மில்லிநொடிக்குள், விரலுக்குத் தெரியாது. முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது ஆடியோவாக மாற்றிவிடுங்கள்.

சரி, கீபோர்டுக்கே காசு போய்விட்டால் எதில் வாசிப்பது? சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர் பிளக்-இன் இருக்கிறது, முழுக்க இலவசம். சிஎஸ்-80யின் நகல் இல்லை, ஆனால் எலும்புக்கூடு அதில் கட்டலாம். இரண்டு சா-டூத் ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி), இரண்டாவதைச் சுருதியில் ஏழெட்டு சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி வையுங்கள். இரண்டு ஃபில்டரையும் வரிசையாகப் போடுங்கள்: முதலில் 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை-பாஸ், அடுத்து 12 டெசிபல் லோ-பாஸ் 400 ஹெர்ட்ஸ் பக்கம். ஃபில்டர் என்வலப்பின் அட்டாக் (ஃபில்டர் திறக்க எடுக்கும் நேரம்) 80 முதல் 100 மில்லிநொடி. பித்தளையின் அந்தத் தயக்கம் இங்கேதான் பிறக்கிறது. அப்புறம் பாலி ஆஃப்டர்டச்சை லோ-பாஸின் கட்-ஆஃபுக்கும் (வெட்டத் தொடங்கும் இடம்) சத்தத்துக்கும் இணையுங்கள். இதில் ஒரு மாதம் வாசியுங்கள். அதற்குள் புதிய பிளக்-இன் வந்திருந்தால் மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்யுங்கள். வராவிட்டாலும் நவம்பர் கடைசியில் பிளக்-இன் விலைகள் பெரும்பாலும் இறங்கும், அதுவரை பொறுப்பது நியாயம். வாங்குவதற்கு முன் புதிய பதிப்பு வந்தால் இலவசமாகத் தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள். சமீபத்தில் வாங்கியவர்களுக்குப் பல நிறுவனங்கள் தருகின்றன.

காத்திருப்பதே சரி என்று நான் சொல்லும் நிலைமை ஒன்று உண்டு. நீங்கள் விரும்பும் கருவிக்கு மென்பொருள் வடிவமே இதுவரை இல்லையென்றால் வேறு வழியில்லை. சிஎஸ்-80 அந்தப் பட்டியலில் இல்லை.

எதை வாங்கினாலும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. டிபி-303 என்ற பாஸ் சின்தசைசர், டிஆர்-808 என்ற டிரம் மெஷின் இரண்டையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த ரீபர்த் மென்பொருள் 1997இல் வந்தது, 2005இல் நிறுத்தப்பட்டது. பின்னால் வந்த ஐபேட் வடிவமும் 2017இல் விலக்கப்பட்டது. என் பழைய பாட்டு ஒன்றைச் சில வருடம் கழித்துத் திறந்தபோது அதிலிருந்த சிந்த் பிளக்-இன் புதிய சிஸ்டத்தில் ஓடவே இல்லை. வாசித்த சுரங்களின் குறிப்பான மிடி இருந்தது, ஒலி இல்லை. அந்த மெலடியை நான் எந்த அமைப்பில் வாசித்தேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அதனால் ஒவ்வொரு சிந்த் டிராக்கையும் இரண்டு ஆடியோ ஃபைலாக எடுத்து வையுங்கள், ஒன்று ரிவர்ப்போடு, ஒன்று இல்லாமல். ஃபைலின் பெயரிலேயே டெம்போ, சுருதி, பிளக்-இன்னின் பதிப்பு எண் மூன்றையும் எழுதிவிடுங்கள்.